அம்மாவின் பட்டறிவைத் தத்துவமாக எழுதலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையில் முனைவர் பட்டத்துக்காக மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி, சமூகச் சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸ் இருவரின் வழியாகப் பெண்களின் உழைப்பையும் அனுபவத்தையும் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். ஆய்வேட்டின் முன்வரைவில், பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். ஆய்வேட்டுக் குழுவிலுள்ள ஒரு பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, “இது சமூகவியல், இல்லாவிட்டால் சுயசரிதை, இதில் தத்துவம் எங்கே?” என்று கேட்டார். அனுபவத்தைத் தத்துவத்துக்கு ஆதாரமாக வைக்க முடியுமா? இந்தத் துறையில் வாழ்நாள் முழுவதும் பேராசிரியராகப் பணியாற்றியவர்கள் உண்டா? அம்மாவைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிடட்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்துடன் நீங்கள் இணைத்து அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். அவற்றை எடுத்துவிட வேண்டாம். ஆனால் அவை இப்போது முன்னுரையின் தொடக்கத்தில், இனி வரப்போகும் வாதத்துக்கு ஒரு சான்றிதழ் போல நிற்கின்றன. அந்த இடத்திலிருந்து அவற்றை நகர்த்தியே ஆக வேண்டும். எங்கே நகர்த்துவது, ஏன் நகர்த்துவது என்று விளக்கும்போதே உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வாழ்நாள் முழுவதும் இத்துறையில் பணியாற்றியவர் உண்டா என்பதிலிருந்து தொடங்குகிறேன். இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சார்லீன் ஹாடக் சீக்ஃப்ரீட் அப்படிப்பட்டவர். கருத்துகளை அவை வாழ்க்கையில் தரும் விளைவைக் கொண்டு சோதிக்கும் தத்துவம் பிராக்மாட்டிசம்; ஜேம்ஸ், டூயி ஆகியோர் அதை வளர்த்தவர்கள். பெண்ணியப் பிராக்மாட்டிசம் என்று இன்று நாம் ஒரு துறையின் பெயரைச் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம். அவருடைய பணி வாழ்க்கையின் வரிசையை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1978இல் வெளிவந்த அவருடைய நூல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸைப் பற்றியது. 1990இல் வெளிவந்த நூலும் ஜேம்ஸைப் பற்றியதுதான். 1991இல், பெண்ணியத் தத்துவத்துக்கென்றே நடத்தப்படும் ‘ஹைப்பேஷியா’ ஆய்விதழில், பிராக்மாட்டிசப் பெண்ணியர்கள் எல்லாரும் எங்கே போனார்கள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆய்விதழில் பெண்ணியமும் பிராக்மாட்டிசமும் பற்றிய சிறப்பிதழைத் தொகுத்தார். 1996இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக ‘பிராக்மாட்டிசம் அண்ட் ஃபெமினிசம்’ வந்தது. 2002இல் டூயியைப் பற்றிய பெண்ணிய வாசிப்புகளின் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் ஆடம்ஸின் இரண்டு பழைய நூல்கள் அவருடைய அறிமுகவுரையுடன் மறுபதிப்பாயின.

முதல் நூலுக்கும் 1996ஆம் ஆண்டு நூலுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பதினெட்டு ஆண்டுகளை அவர் வேறொரு துறையில் வீணாகக் கழித்தார் என்று நான் படிக்கவில்லை. மனிதர்கள் தம் நோக்கங்களோடும் அக்கறைகளோடும் நின்று பார்க்கும் உலகத்தைத்தான் நாம் அறிய முடியும் என்று ஜேம்ஸ் சொன்னதை வரிவரியாக ஆராய்ந்த ஒருவர், அதே ஜேம்ஸ் பெண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் யாருடைய நோக்கத்தோடு நின்று பார்க்கிறார் என்று ஒரு கட்டத்தில் கேட்காமல் இருக்க முடியாது. ஜான் ஸ்டூவர்ட் மில்லின் பெண் விடுதலை நூலுக்கு 1869இல் ஜேம்ஸ் எழுதிய மதிப்புரையைப் படித்தால் அந்த இடறல் உங்களுக்கும் தெரியும். சீக்ஃப்ரீட் ஜேம்ஸைக் கைவிடவில்லை. ஜேம்ஸ் தந்த கருவியைக் கொண்டே ஜேம்ஸைத் திருத்தினார். பெண்ணியத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து பிராக்மாட்டிசத்தின் மேல் ஒட்டாமல், உள்ளேயிருந்து எழுந்த கேள்வியாக அதை எழுதியதால்தான், மரபின் காவலர்களாலும் அவருடைய நூலைத் தள்ளிவைக்க முடியவில்லை என்பது என் கணிப்பு.

உங்கள் குழுவிலுள்ள பேராசிரியர் சொன்ன “இது சமூகவியல்” என்ற வாக்கியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1889இல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில், குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதியில், எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தைத் தொடங்கியவர் ஆடம்ஸ். 1895இல் அந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள் ஃபுளோரன்ஸ் கெல்லியின் வழிகாட்டுதலில் வீடு வீடாகச் சென்று திரட்டிய தேசிய இன, கூலி வரைபடங்களை நூலாக வெளியிட்டார்கள். தத்துவத் துறைகள் இதைச் சமூகவியல் என்று சொல்லி ஒதுக்கின. சமூகவியல் துறைகளோ சிறிது காலத்துக்குப் பின் இதைச் சமூகப் பணி என்று சொல்லி ஒதுக்கின. இரண்டாவது ஒதுக்கலை மேரி ஜோ டீகன் 1988இல் சிகாகோ சமூகவியலாளர்களைப் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே “இதில் தத்துவம் எங்கே?” என்ற கேள்வி உங்கள் இரண்டு பக்கங்களின் குறையைப் பார்த்து எழுந்த புதிய கேள்வி மட்டும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களின் சிந்தனையை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்த பழக்கம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பேராசிரியர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. பழக்கத்துக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

தத்துவவாதியும் உளவியலாளருமான மேரி விட்டன் கால்கின்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் ஜேம்ஸ், ராய்ஸ் ஆகியோரிடம் பயின்று, 1895இல் முனைவர் பட்டத் தேர்வுக்கு நிகரான தேர்வை முடித்தும், பெண் என்பதால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. 1902இல் ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபின் பெயரில் பட்டம் தருவதாகச் சொன்னபோது, தாம் படித்தது ஹார்வர்டில் என்பதால் அதை ஏற்க மறுத்தார். பட்டமில்லாமலே 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்கும் 1918இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்கும் தலைவரானார். அவர் பிராக்மாட்டிசவாதி அல்லர். ஆனாலும், உங்களுக்கு இன்று கிடைத்திருக்கும் இருக்கை எத்தனை பேர் நின்றுகொண்டே படித்த அறையில் போடப்பட்டது என்பதை அவர் நினைவூட்டுவார்.

இனி முதன்மையான கேள்வி: அனுபவம் தத்துவத்துக்கு ஆதாரமாகுமா? நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் ஆகாது என்பதே என் பதில். டூயி எழுதிய பொருளில் எடுத்துக்கொண்டால், ஆதாரம் என்ற சொல்லையே நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.

அனுபவம் என்றால் ஒருவர் உள்ளத்தில் நடப்பது, அவருக்கு மட்டுமே தெரிவது, அதனால் பிறர் மறுக்க முடியாதது என்ற எண்ணத்தை எதிர்த்துத்தான் டூயி தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரைப் பொறுத்தவரை, உயிர் தன் சூழலின் மேல் ஏதோ ஒன்றைச் செய்கிறது. செய்ததன் விளைவைச் சூழல் அதன் மேல் திருப்புகிறது. அந்த விளைவை அது படுகிறது. செய்வதும் படுவதும் ஒன்றோடொன்று தொடர்பு பெற்று, அந்தத் தொடர்பு புலப்படும்போதுதான் அனுபவம் என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. சுடரில் விரலை நீட்டுவது மட்டும் அனுபவம் ஆகாது; நீட்டியதையும் சுட்டதையும் இணைத்துப் பார்ப்பதே அனுபவம் என்று 1916ஆம் ஆண்டு நூலான ‘டெமாக்ரசி அண்ட் எஜுகேஷ’னில் விளக்குகிறார். இதைக் கற்பிக்கும்போதெல்லாம் நம் மொழியிலுள்ள ‘பட்டறிவு’ என்ற சொல் எனக்கு நினைவுக்கு வரும். பட்டு அறிவது. படுதல் என்பதில் துன்பமும் உண்டு, ஒன்றின் மேல் ஒன்று தொடுவதும் உண்டு. அறிதல் அதற்குப் பிறகு வருகிறது. பட்டவர் எல்லாரும் அறிந்தவர் ஆகிவிடுவதில்லை. பட்டதை அறிவாக்குவதற்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு டூயி வைத்த பெயர் விசாரணை. உங்கள் ஆய்வேடு அந்த வேலையைப் பற்றியது என்று நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் “தத்துவம் எங்கே?” என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் பக்கங்களுக்கே வருகிறேன். சுளகை மடியில் வைத்து அம்மா இலை வெட்டுவது, இலையின் ஈரத்தை விரலால் தொட்டே நிதானிப்பது, இரவில் கண் எரிவது ஆகியவற்றை உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். படிப்பவர் உங்கள் அம்மாவை மதிப்பார். அதற்கு மேல் சிந்திக்க அங்கே எதுவும் கேட்கப்படவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் மட்டும், ஏதோ போகிற போக்கில், ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். கடையில் பீடியைச் சரிபார்ப்பவர் சில கட்டுகளைச் சரியில்லை என்று கழித்துவிடுவார். எது சரியில்லை என்று கேட்டால் விளக்கம் வராது. எந்தக் கட்டு கழியும் என்பதை அம்மாவும் அண்டை வீட்டுப் பெண்களும் முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, கழிவது பீடியின் தரத்தைப் பொறுத்ததல்ல, அன்றைய சரக்கின் தேவையைப் பொறுத்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பத்திதான் தத்துவம். அங்கே ஒரு தடங்கல் இருக்கிறது, கருதுகோள் இருக்கிறது, பலருடைய அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது இருக்கிறது, ‘தரம்’ என்ற சொல்லை யார் எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறார் என்ற கேள்வியும் இருக்கிறது. அறிவு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிய டூயியின் கோட்பாட்டை அந்த முற்றத்தில் வைத்துப் பார்த்தால், அது எங்கே பொருந்துகிறது, எங்கே போதாமல் போகிறது என்று நீங்கள் காட்ட முடியும். எனக்குத் தோன்றும் போதாமையைச் சொல்கிறேன்: விசாரணை முடிந்ததும் நிலைமை மாறும் என்று டூயி எதிர்பார்க்கிறார். அந்தப் பெண்கள் சரியாகவே கண்டறிந்தும் நிலைமை மாறவில்லை. கண்டறிந்தவர்களுக்கு மாற்றும் அதிகாரம் இல்லாதபோது விசாரணை என்ன ஆகிறது? இந்த ஒரு கேள்விக்காகவே ஓர் இயலை எழுதலாம்.

இந்தப் பாடத்தை டூயியும் ஒரு பெண்ணிடமிருந்துதான் கற்றார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் சிகாகோவுக்கு வந்த 1894ஆம் ஆண்டு, புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தால் நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டு. அந்த அக்டோபரில் ஆடம்ஸுடன் அவருக்கு ஒரு விவாதம் நடந்தது. பகைமை வீண் மட்டுமல்ல, தேவையே இல்லாதது; அது பொருள்களில் இருக்கும் வேறுபாட்டிலிருந்து வருவதில்லை, மனிதர்கள் தம் சொந்த உணர்ச்சியை அதில் கலப்பதால் வருகிறது என்றார் ஆடம்ஸ். ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகலைப் படித்து வளர்ந்த டூயிக்கு, முரண் இல்லாமல் வளர்ச்சி எப்படி வரும் என்று விளங்கவில்லை, மறுத்தார். பிறகு, வெளியூரில் இருந்த தம் மனைவி ஆலிஸுக்கு எழுதிய கடிதத்தில், ஆடம்ஸ் சொன்னதே சரி என்றும், முரண்களின் வழியே வளர்ச்சி வரும் என்ற இயங்கியலைத் தாம் தவறான முனையிலிருந்து பிடித்திருந்ததாகவும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் போலும் என்றும் ஒப்புக்கொண்டார். தத்துவ வரலாறுகளில் இந்தக் கடிதத்துக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஹல் ஹவுஸில் நாள்தோறும் பகைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததிலிருந்து பிறந்த ஒரு கருத்து, அந்த நூற்றாண்டின் பெரிய தத்துவவாதி ஒருவரின் அடிப்படையையே அசைத்திருக்கிறது. அவர் தம் மகளுக்கு ஜேன் என்று பெயரிட்டதும், 1935இல் ஒரு நூலை ஆடம்ஸின் நினைவுக்குக் காணிக்கையாக்கியதும் வெறும் நட்பு மரியாதை அல்ல.

ஆடம்ஸிடம் நீங்கள் அனுபவத்தைப் பற்றிக் கற்க வேண்டியது அந்த விவாதத்தைவிடவும் வேறோர் இடத்தில் அதிகம் இருக்கிறது என்பேன். 1913இல் ஹல் ஹவுஸில் ஒரு பிசாசுக் குழந்தை ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற வதந்தி பரவியது. குளம்பும் வாலும் உள்ள குழந்தை என்றார்கள். ஆறு வாரங்களுக்கு மக்கள் திரண்டு வந்து, பணம் தருகிறோம், காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இத்தாலியர் சொன்ன கதையில், பக்தியுள்ள மனைவியின் சுவரிலிருந்த புனிதப் படத்தைக் கிழித்தெறிந்த நாத்திகக் கணவன், இதைவிடப் பிசாசே வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னதால் அது பிறந்தது. யூதர் சொன்ன கதையில், ஆறு பெண் குழந்தைகளைப் பெற்ற தகப்பன், ஏழாவதும் பெண்ணாக இருப்பதைவிடப் பிசாசு பிறக்கட்டும் என்று சொன்னதால் அது பிறந்தது. நம் ஊர்ப் பெண்கள் யாருக்கும் இந்த இரண்டாம் கதையை விளக்கத் தேவையிருக்காது.

படித்த ஒருவர் என்ன செய்திருப்பார்? மூடநம்பிக்கை என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார். ஆடம்ஸுக்கும் தொடக்கத்தில் சலிப்புத்தான். ஆனால் வந்தவர்களில் வயதான பெண்கள் பேசத் தொடங்கியதும் அவர் உட்கார்ந்து கேட்டார். அந்தக் கதையைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு அவர்கள் தம் வாழ்க்கையைச் சொன்னார்கள்: அடித்த கணவன்மார்கள், கைவிட்ட பிள்ளைகள், இறந்துபோன குழந்தைகள், யாரிடமும் சொல்லாமல் புதைத்துவைத்த அவமானங்கள். வேறு எந்த அதிகாரமும் இல்லாத பெண்கள், வீட்டிலுள்ள முரட்டு ஆண்களை அடக்கிவைக்க இத்தகைய கதைகளைத்தான் பல தலைமுறைகளாகக் கருவியாகக் கொண்டிருந்தார்கள் என்று ஆடம்ஸ் கண்டார். நினைவு என்பது நடந்ததைச் சேமித்துவைக்கும் பெட்டி அல்ல; அது பட்ட துன்பத்தை ஆற்றித் தருகிறது, சில வேளைகளில் பழகிய வழக்கத்தையே எதிர்த்து எழவும் தூண்டுகிறது என்ற கருத்தை 1916இல் ‘தி லாங் ரோட் ஆஃப் உமன்ஸ் மெமரி’ என்ற நூலில் வளர்த்தெடுத்தார். கவனியுங்கள்: அந்தப் பெண்கள் சொன்னது உண்மை என்று அவர் எழுதவில்லை. பிசாசுக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். பொய் என்று தள்ளவும் இல்லை. அவர்கள் சொன்னது எந்த நிலைமைக்கு விடையாக எழுந்தது, எதைச் செய்தது என்று கேட்டார். அனுபவத்தைச் சான்றாக வைப்பதற்கும் அனுபவத்தை விசாரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அம்மாவைப் பற்றி எழுதும்போது இந்த நூலை மேசையிலேயே வைத்திருங்கள்.

எதிர்வாதங்களை நீங்கள் தவிர்க்க முடியாது. வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1991இல் எழுதிய கட்டுரை இன்றும் எல்லா நேர்முகங்களிலும் உங்கள் முன் வைக்கப்படும். அனுபவத்தைக் கேள்விக்கு அப்பாற்பட்ட அடித்தளமாக வைத்தால், அந்த அனுபவத்தையும் அதை உடையவரையும் உருவாக்கிய வரலாறும் மொழியும் மறைந்துவிடுகின்றன என்பது அவருடைய வாதம். அது வலுவான வாதம். அதை எதிர்த்து நிற்க முயலாதீர்கள். டூயியின் பொருளில் அனுபவம் அடித்தளமே அல்ல என்பதால், அவருடைய வாதம் தாக்கும் இடத்தில் நீங்கள் நிற்கவில்லை என்று காட்டினால் போதும். பிற்காலப் பிராக்மாட்டிசவாதியான ரிச்சர்ட் ரோர்ட்டி வேறு பக்கத்திலிருந்து வருவார். டூயி அனுபவத்தை விட்டுவிட்டு மொழியைப் பற்றி மட்டும் பேசியிருக்கலாம் என்பது அவருடைய நிலை. டூயியே தம் இறுதிக் காலத்தில், 1951ஐ ஒட்டி எழுதிய ஒரு வரைவில், ‘எக்ஸ்பீரியன்ஸ் அண்ட் நேச்சர்’ நூலை மீண்டும் எழுதினால் அனுபவம் என்ற சொல்லுக்குப் பதிலாகப் பண்பாடு என்ற சொல்லைப் போட்டிருப்பேன் என்றார். இதை எதிராளி சொல்லும் முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். பெண்ணியர்களுக்கு ஏன் அந்தச் சொல் இன்னும் தேவைப்படுகிறது என்பதை விளக்க அது நல்ல வாய்ப்பு: மொழி இன்னும் பெயர் வைக்காத ஒரு தடங்கலை உடல் முதலில் உணர்கிறது, ‘பண்பாடு’ என்ற சொல் அந்த இடைவெளியைக் காட்டுவதில்லை.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஆடம்ஸை நேசிக்கும் நம்மைப் போன்றவர்கள் அதை விரைவாகக் கடந்துபோக ஆசைப்படுவோம். 1901 ஜனவரியில், கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைக் கண்டித்து ஆடம்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். கொல்லப்பட்டவர்கள் குற்றம் செய்தவர்கள் என்றே வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் இது சட்டத்துக்குப் புறம்பானது என்பது அவர் எடுத்த நிலை. அதே ஆண்டு மே மாதம் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், அதே இதழில், மரியாதையோடும் உறுதியோடும் பதில் எழுதினார். வாதத்துக்காக வைத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் அந்த அனுமானம்தான் கொலைகளைத் தாங்கி நிற்கும் பொய் என்றார். கொல்லப்பட்டவர்களில் மிகப் பலர் மேல் பாலியல் குற்றச்சாட்டு சுமத்தப்படவே இல்லை என்பதைச் செய்தித்தாள்களில் வெளிவந்த ஆண்டுக் கணக்குகளைக் கொண்டே நிறுவினார். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் தம் நண்பர்கள் அப்படிக் கொல்லப்பட்டதைப் பட்டவர் வெல்ஸ். ஆனால் ‘நான் பட்டவள், ஆகவே நம்புங்கள்’ என்று அவர் எழுதவில்லை. பட்டது அவரை எங்கே தேட வேண்டும் என்று காட்டியது. தேடியதை எண்ணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார். பரிவு மிகுந்த ஆடம்ஸின் பார்வை எட்டாத இடத்தை வெல்ஸின் பட்டறிவு எட்டியது. இந்த இரண்டு கட்டுரைகளையும் ஒன்றாக வைத்து ஓர் இயல் எழுதுங்கள். அனுபவம் எப்போது போதாது, எப்போது இன்றியமையாதது என்ற இரண்டையும் காட்ட இதைவிடச் சிறந்த இணையை நான் அறியேன்.

டூயியிடமிருந்து நம் பக்கத்துக்கு வரும் பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கர் டூயியின் வகுப்புகளில் அமர்ந்தவர். மக்களாட்சி வெறும் ஆட்சிமுறை அல்ல, அது கூடி வாழும் முறை, ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் அனுபவம் என்ற டூயியின் தொடரை 1936ஆம் ஆண்டின் ‘சாதி ஒழிப்’பில் எடுத்தாண்டார். அனுபவம் பகிரப்படுவதையே தடுக்கும் ஏற்பாடாகச் சாதியை அவர் பார்த்தார் என்று நான் படிக்கிறேன். கழிக்கப்பட்ட கட்டுகளைப் பற்றி முற்றத்தில் பேசிய பெண்களின் முடிவு, கடையைத் தாண்டி எங்கும் போகாமல் நின்றுவிட்டது ஏன் என்ற கேள்விக்கு இந்தப் பாதையில் வெளிச்சம் கிடைக்கும். உங்கள் ஆய்வேடு இதற்காக விரிய வேண்டியதில்லை; ஓர் உட்பிரிவு போதும்.

பணி வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியர் பணியிடங்களுக்கான விளம்பரங்களில் பெண்ணியப் பிராக்மாட்டிசம் என்று குறிப்பிட்டு ஆள் கேட்பது அரிது. பெண்ணியத் தத்துவம், அமெரிக்கத் தத்துவம், சமூக அரசியல் தத்துவம், அறவியல் என்றுதான் கேட்பார்கள். ஆகவே ஆய்வேட்டின் ஓர் இயலாவது, பெண்ணியத்தில் அக்கறையில்லாத டூயி அறிஞர் ஒருவர் படித்தாலும் புதிதாக ஏதோ கற்றேன் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அந்த இயலை, அமெரிக்கத் தத்துவ ஆய்வுகளை வெளியிடும் பியர்ஸ் சங்கத்தின் ஆய்விதழுக்கு அனுப்புங்கள். ஆடம்ஸ் பற்றியதை ‘ஹைப்பேஷியா’வுக்கு அனுப்புங்கள். அமெரிக்கத் தத்துவத்தை முன்னெடுப்பதற்கான சங்கத்தின் ஆண்டுக் கருத்தரங்குக்கு இந்த ஆண்டே போங்கள். பெண்ணியச் சிந்தனைக் கட்டுரைக்கு ஜேன் ஆடம்ஸ் பெயரில் அங்கே ஒரு பரிசு உண்டு. பரிசைவிட, உங்களைப் போன்ற கேள்வியோடு தனித்தனித் துறைகளில் தனியாக உட்கார்ந்திருப்பவர்களை அங்கே சந்திப்பீர்கள் என்பது முக்கியம். டூயியின் எழுத்து முப்பத்தேழு தொகுதிகளாக அச்சில் இருக்கிறது; கார்பன்டேலிலுள்ள தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆவணங்கள் இருக்கின்றன. மத்திய மேற்கில் இருக்கும்போதே ஒரு வாரம் அங்கே போய்வருவது எளிது. எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அறவியலும் தருக்கமும் கற்பிக்கத் தயார் என்று சொல்ல முடிய வேண்டும். தருக்கம் கற்பிக்கக் கூச்சப்படாதீர்கள். டூயி தம் பெரிய தருக்க நூலை எழுபத்தெட்டாம் வயதைத் தாண்டிய நிலையில் 1938இல் வெளியிட்டார்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் தத்துவம் கற்பித்துவருகிறேன். மாணவியாக இருந்த காலத்தில், நான் எழுதிய முதல் கட்டுரையில் இருந்த ஒரே உயிருள்ள பத்தியை, துறைக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொன்னதற்காக நானே வெட்டினேன். கட்டுரை வெளிவந்தது. அதை நான் வகுப்பில் ஒருமுறைகூடப் பாடமாக வைத்ததில்லை. அதனால்தான் உங்களிடம் வெட்ட வேண்டாம் என்று இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

இனி அந்தப் பக்கங்கள். முன்னுரையிலிருந்து அவற்றை எடுத்து, டூயியின் விசாரணைக் கோட்பாட்டை விளக்கி முடித்த பின், மூன்றாம் இயலின் தொடக்கத்தில் வையுங்கள். அப்போது படிப்பவர் கையில் ஒரு கோட்பாடு இருக்கும். அதைச் சோதிக்க முற்றம் இருக்கும். இரவில் கண் எரிவதைப் பற்றிய வாக்கியங்களைச் சுருக்குங்கள். கழிக்கப்பட்ட கட்டுகளைப் பற்றிய பத்தியை நான்கு பக்கமாக விரியுங்கள்: யார் முதலில் சந்தேகித்தது, எப்படி ஒப்பிட்டார்கள், யார் ஒப்புக்கொள்ளவில்லை, சரிபார்ப்பவரிடம் யாராவது நேரில் கேட்டார்களா, கேட்டதன் விளைவை யார் பட்டார்கள். இவற்றில் பலவும் உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். மனிதர்களிடம் கேட்டுப் பதிவுசெய்து ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படலாம். தொலைபேசியை எடுக்கும் முன் அதை நெறியாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த இயலை எழுதி முடித்ததும், குழுவுக்கு அனுப்புவதற்கு முன், தமிழில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அச்சில் வருவதற்கு அவருடைய சம்மதத்தையும் அண்டை வீட்டுப் பெண்களின் சம்மதத்தையும் கேளுங்கள், பெயர்களை மாற்றிவிடுங்கள். வாசிக்கும்போது ‘அப்படி இல்லம்மா, அது வேற மாதிரி’ என்று அவர் உங்களை நிறுத்தும் இடங்களைத் தேதியோடு குறித்துவையுங்கள். அந்தக் குறிப்புகளோடு இயலின் வரைவை எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.